நடைப்போட்டிக்காரியின் அம்மா

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் ஏதோ புகார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்படி ஒரு போன் வந்தது. கேரள எல்லையோரம் குன்னத்துகால் முக்கில் இருக்கும் என் தையல் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டவர் பி.டி. சார். எங்கள் பக்கம் ஆசிரியர் பெண்ணாக இருந்தாலும் சார் என்றுதான் சொல்வோம். இந்த சாரும் பெண்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவர், நெய்யாற்றின்கரையிலிருந்து தினமும் பைக் ஓட்டி வருகிறவர்.

"சேச்சி ஒண்ணு ஸ்கூல் வரைக்கும் வரணும். மோளைப் பற்றி ஒரு காரியம் பேசணும்" என்றார்.

கத்திரியை வைத்துவிட்டு, இவள் யாரை அடித்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே போனேன். மைதானத்து ஓரத்தில் மகள் ஷூ நுனியைப் பார்த்தபடி நின்றாள். சார் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை.

"இவ காலையில பஸ் இறங்கி கேட் வரைக்கும் வாறதை நீங்க பாத்திருக்கியளா" என்று கேட்டார்.

"இல்ல சார். நான் அந்நேரம் கடையில இருப்பேன்."

"லேட் ஆச்சுன்னா மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓடி வரும். இவ மட்டும் நடந்துதான் வருவா. ஆனா ஓடி வாற பிள்ளைகளுக்கு முன்ன வந்து நிப்பா."

நான் மகளைப் பார்த்தேன். "ஓடினா பேக்கில உள்ள தண்ணிக் குப்பி முதுகுல இடிக்கும்" என்றாள் அவள்.

"இவளை நான் நடக்க வைக்கப் போறேன்" என்றார் சார்.

"நடக்கத்தானே செய்யா சார்" என்றேன்.

நடைப்போட்டி என்று ஒன்று இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். சார் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வரிசையாகச் சில பெண்கள் இடுப்பை வெட்டி வெட்டி, ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். விதி இரண்டே இரண்டுதான். முன் கால் தரையைத் தொட்ட பிறகுதான் பின் கால் எழும்பலாம். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் குற்றம். முன்னால் வைத்த காலின் முட்டி மடங்கக்கூடாது. மடங்கினால் அதுவும் குற்றம். நடுவர்கள் சுற்றி நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் மஞ்சள் அட்டை காட்டி எச்சரிப்பார்கள். மூன்று நடுவர்கள் சிவப்பு எழுதிவிட்டால் வெளியே போய்விட வேண்டியதுதான்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிக்கப் ஓட்டுகிற வேலை. விடியுமுன் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டு, மத்தியானம் திரும்பி வருவார்.

"நடக்கியதுக்கும் போட்டி உண்டுமா" என்றார். "அப்பம் சும்மா இருக்கியதுக்கு உண்டான்னு அந்த சாருகிட்ட கேளு. நான் பேரு குடுக்கியேன்."

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, முட்டி மடங்கக்கூடாது. உங்களால அது கழியாது" என்று மட்டும் சொன்னாள்.

வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் சார் பள்ளியில் பயிற்சி கொடுத்தார். மற்ற நாட்களின் காலை நேரத்தை என்னிடம் ஒப்படைத்தார். "சேச்சி வேற ஒண்ணும் செய்யண்டாம். பின்னால போய் கால் மட்டும் பாருங்க."

சொல்வது எளிது. கால்வாய் ரோட்டில் காலை ஆறு மணிக்கு அவள் நடப்பாள். பின்னால் நடந்து பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் அவள் பாலத்துக்கு அந்தப்பக்கம், நான் இந்தப்பக்கம். சரி என்று ஸ்கூட்டரை எடுத்தேன். என் நடைக்கு அவள் வேகம் கூடுதல், ஸ்கூட்டருக்கு அது போதாது. இரண்டு காலையும் தரையில் தேய்த்துத் தேய்த்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இதில் ரோட்டைப் பார்க்காமல் அவள் குதிகாலைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் தப்பித்தேன். எட்டாம் நாள் ரோடு வளைந்தது, நான் வளையவில்லை. ஸ்கூட்டரோடு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டேன்.

மகள் திரும்பி வந்து வண்டியைத் தூக்க உதவினாள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அவள் முதலில் கேட்டது, "எனக்க காலு எழும்பிச்சா அம்மா?"

"உனக்க காலைப் பாக்கப் போய் எனக்க வண்டி எழும்பிச்சு" என்றேன். அதன் பிறகு இரண்டு பேரும் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தோம். அன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான்.

உண்மையில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. எதைப் பார்க்க வேண்டுமென்று எனக்கே தெரியவில்லை. கால் எழும்பியதா என்று அவள் கேட்கும்போதெல்லாம் குத்துமதிப்பாக ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தேன். நானே அப்படி நடந்து பார்த்தால் பிடி கிடைக்கும் என்று நினைத்து, கடைக்குப் போகுமுன் வீட்டை ஒட்டிய ரப்பர் மரங்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினேன். கையை மடக்கி, முட்டியை நிமிர்த்தி, இடுப்பை வெட்டி, ஒரு மரத்து மூட்டிலிருந்து அடுத்த மரத்து மூட்டுக்கு.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா ஒரு குப்பியோடு வந்து நின்றாள். அவளுடைய இளைய பிள்ளையும் என் மகள் படிக்கும் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பில் இருந்தது.

"இடுப்புக்கு என்ன ஆச்சு மக்கா. ரெண்டு நாளா பாக்கியேன். ஒரு மாதிரி வெட்டி வெட்டிப் போறியே."

"இடுப்புக்கு ஒண்ணுமில்லக்கா. இது நடைப்போட்டியாக்கும். பிள்ளைக்காக நான் படிக்கியேன்."

அக்கா குப்பியை என் பக்கம் நீட்டினாள். நோயை மறைக்கிறவர்களிடம் காட்டும் பொறுமை அவள் முகத்தில் தெரிந்தது.

"செரி. இந்த எண்ணெயைப் பிடி. போட்டி முடிஞ்ச பொறவு தேய்ச்சாலும் போதும்."

மறுநாள் கடைக்குத் துணி கொடுக்க வந்த மூன்று பேர் என் இடுப்பை விசாரித்தார்கள். நான் விளக்கம் சொல்லவில்லை. ஏனென்றால் அன்று இடுப்பு நிஜமாகவே வலித்தது, அக்காவின் எண்ணெயை முந்தின நாளே தேய்த்துவிட்டிருந்தேன்.

அந்த வருடம் சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் சேரும் சப்-ஜில்லா மீட் பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. மூன்று கிலோமீட்டர். மைதானம் சிறியதென்பதால் பதினைந்து சுற்று. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டுமென்று காலை ஏழு மணிக்கே விசில் ஊதிவிட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டில் ஒன்பது பிள்ளைகள். நான் கயிற்றுக்கு வெளியே, குடையும் குப்பியும் துண்டுமாக நின்றேன்.

பதிமூன்றாம் சுற்றில் என் மகள் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். முன்னால் போன பிள்ளை தளர்ந்துவிட்டது, அது எனக்கே தெரிந்தது. என் மகளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே நாலடி தூரம்கூட இருக்காது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கயிற்றை ஒட்டி அவளோடு ஓடினேன்.

"பிடி மக்கா. அந்தப் பிள்ளைய பிடி. வேகம் போ" என்று கத்தினேன். கடையில் உரக்கப் பேசாத நான் அன்று கத்தியது மைதானத்தின் மறுபக்கம் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள், வேகம் கூட்டினாள். அந்த வளைவில் நின்ற தொப்பிக்கார நடுவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார், அட்டையில் எதையோ எழுதினார். பதினாலாம் சுற்று முடியுமுன் தலைமை நடுவர் அவள் முன்னால் வந்து சிவப்பு அட்டையை நீட்டினார். அவள் கோட்டை விட்டு இறங்கி, சட்டையிலிருந்த நம்பர் துணியின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் தந்தாள்.

சார் என்னிடம் கோபிக்கவில்லை. "அம்மாமாருக்கு ஒரு சிவப்பு அட்டை கிடையாது. அதாக்கும் இந்த விளையாட்டில உள்ள குறை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பஸ் ஸ்டாப் பக்கத்து பேக்கரியில் ஆளுக்கொரு பப்ஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். என்னுடையது தட்டிலேயே இருந்தது.

"நான் கத்தாம இருந்தா நீ முடிச்சிருப்ப" என்றேன்.

"ரெண்டு சிவப்பு அதுக்கு முன்னமே எழுதியாச்சு. எனக்குத்தான் தெரியல்ல. மூணாவதுதான் உன்னால."

"அப்பம் மூணில ஒண்ணு எனக்காக்கும்."

"ஆமா" என்றாள். என் தட்டைப் பார்த்துவிட்டு, "அதுக்கு உனக்க பப்ஸில பாதி தா" என்றாள். நான் முழுவதையும் கொடுத்தேன். மறுக்காமல் தின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எனக்குத்தான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே அவள் போனில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மெதுவாக ஓடும் வீடியோ. நான் ரோட்டோரம் குத்தவைத்து அவள் காலைப் படம் பிடிக்க வேண்டும், அவள் வீட்டுக்கு வந்து பார்ப்பாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அப்பாவும் அதைப் பார்க்கத் தொடங்கினார். முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். இரண்டு வாரத்தில் "இடது காலு லேசா பறக்கிது பாத்தியா" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. கொத்தனார் நண்பர் ஒருவரிடம் நீளமான டேப் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்வாய் ரோட்டை முழுவதும் அளந்து, நூறு மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு பெயிண்டில் போட்டுவிட்டார். மகளுக்குத் தூரம் தெரிய வேண்டுமாம். எங்களிடம்கூடச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், அளந்துவிட்டுப் போய்விட்டார்கள். மதில் ரோட்டை ஒட்டி இருந்தவர்கள் பஞ்சாயத்து மெம்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மெம்பர் பைக்கில் வந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என் வீட்டுக்காரர் பிக்கப்பை நிறுத்தி இறங்கினார்.

"அது நானாக்கும். பிள்ளை நடக்கியதுக்கு" என்றார்.

"நடக்கியதுக்கா?"

இவர் அங்கேயே நின்று விதி இரண்டையும் விளக்கினார். முட்டி மடங்காமல் இரண்டு எட்டு நடந்தும் காட்டினாராம். மெம்பர் மதில்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இனி ஏதும் வரையணும்னா ஒரு வாக்கு எங்கிட்ட சொல்லிட்டு வரையுங்க" என்று கேட்டுக்கொண்டு போனார். கோடுகள் இன்றும் இருக்கின்றன.

மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். பள்ளியின் ஸ்போர்ட்ஸ் நாளுக்கு முன் நடந்த பி.டி.ஏ. கூட்டத்தில், வழக்கமாக அம்மாக்களுக்கு வைக்கும் எலுமிச்சை ஸ்பூன் போட்டி இந்த முறை வேண்டாம் என்றார் பி.டி. சார். நடைப்போட்டி, இரண்டு சுற்று. என் மகளும் நடைப்பயிற்சிக்கு வரும் இன்னும் இரண்டு பிள்ளைகளும்தான் நடுவர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் இந்த நடை தெரிந்த ஒரே அம்மா நான்தான். முதல் பரிசு எனக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதற்கென்று தொளதொளப்பாக ஒரு சுடிதாரும் தைத்துக்கொண்டேன்.

அன்று பதினோரு அம்மாக்கள் கோட்டில் நின்றோம். எதிர்வீட்டு அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். விசில் ஊதியதும் நான் கையை மடக்கிக்கொண்டு பாய்ந்தேன். முதல் சுற்று முடியும்போது எனக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. பிள்ளைகள் கத்துவது கேட்டது. அடுத்த வளைவில் என் மகள் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலையே பார்த்தாள். மஞ்சள் அட்டையைக் காட்டினாள். நான் கண்டுகொள்ளாமல் போனேன். பின்தங்கிய நாலைந்து பேரை ஒரு முழுச் சுற்றில் முந்திவிடலாம் என்று இருந்தது எனக்கு.

கடைசி வளைவில் அவள் சிவப்போடு நின்றாள்.

"எனக்க காலு எழும்பல்ல" என்றேன், நிற்காமல்.

"எழும்பிச்சு அம்மா. மற்ற ரெண்டு பேரும் முன்னமே சிவப்பு எழுதியாச்சு. ஓரமா போ."

"நான் உனக்க அம்மையாக்கும்."

"அதனாலதான் கடைசி வளைவு வரைக்கும் விட்டேன்" என்றாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தன.

கோட்டுக்கு வெளியே நின்றேன். முகம் சுட்டது. கோபமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை. அதைவிட ஆச்சரியம், என் கால் இரண்டும் தரையை விட்டது எனக்குத் தெரியவே இல்லை என்பதுதான். மனது வேகம் கேட்டது, கால் தானே பறந்துவிட்டது. போன வருடம் அந்த வளைவில் அவளுக்கு என்ன நடந்ததென்று அப்போது என் காலுக்கே புரிந்தது.

அதற்குள் எதிர்வீட்டு அக்கா மீன் வாங்கப் போகிறவளைப் போல நிதானமாக நடந்து வந்து முதலாவதாகக் கோட்டைத் தாண்டினாள். பரிசாகக் கிடைத்த ஸ்டீல் பாத்திரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "இதுக்காக்குமா நீ ஒரு வருசமா எண்ணெய் தேய்ச்ச" என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன்.

இரண்டாவது சப்-ஜில்லா மீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நானே சாரிடம் போனேன். "எனக்கு ஏதாவது வேலை தாங்க சார். சும்மா நின்னா கத்திப்போடுவேன்." அவர் என்னைத் தண்ணீர் மேசையில் போட்டார். நடந்து வரும் பிள்ளைகள் எடுக்க வசதியாக டம்ளரை நீட்டிப் பிடிக்க வேண்டும், நனைத்த ஸ்பாஞ்சைத் தயாராக வைக்க வேண்டும். மேசையில் நிற்பவர்கள் யாருக்கும் குரல் கொடுக்கக்கூடாது என்பது விதி. அவள் அப்பா அன்று சந்தை லோடை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு எந்த வேலையும் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பதினைந்து சுற்றும் வாய் திறக்காமல் நின்றார். கடைசியில் பார்த்தால் கயிறு உள்ளங்கையில் பதிந்துபோயிருந்தது.

பத்தாம் சுற்றில், இந்த முறை நடுவர்கள் வைத்திருந்த அறிவிப்புப் பலகையில் அவள் நம்பருக்கு நேரே ஒரு சிவப்பு விழுந்தது. ஒன்றுதான். பதினொன்றில் இரண்டு பிள்ளைகள், அதுவரை முன்னால் போன அவளைத் தாண்டிப் போனார்கள். நான் ஸ்பாஞ்சைப் பிழிந்தேன், மறுபடி நனைத்தேன், மறுபடி பிழிந்தேன். அவள் என்னைத் தாண்டும்போது தண்ணீரை எடுத்தாள், என்னைப் பார்க்கவில்லை. முகத்தில் பரபரப்பே இல்லை. பதினாலாம் சுற்றில் ஒரு பிள்ளையைப் பிடித்தாள். இன்னொரு பிள்ளை ஐந்தாறு அடி முன்னால். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளர்களை எண்ணினேன். அவள் வேகம் கூட்டவில்லை. அப்படியே இரண்டாவதாக வந்து கோட்டைத் தொட்டாள். பலகையில் அந்த ஒரே சிவப்பு மட்டும்தான்.

"அந்தப் பிள்ளைய பிடிச்சிருக்கலாமே" என்று அப்பாதான் கேட்டார்.

"பிடிச்சிருக்கலாம். பிடிச்சா காலு எழும்பியிருக்கும்" என்றாள், தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே. "ஜில்லாவுக்கு ரெண்டு பேரைத்தானே எடுப்பாவ. ரெண்டாவது போதும்."

ஜில்லா மீட்டில் ஏழாவதாக வந்தாள். முதலாவதாக வந்தது காஞ்சிரங்குளம் பக்கத்துப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் இவளுக்கும் சேலைக்கு பார்டர் பொருந்தினதுபோல நட்பு ஒட்டிக்கொண்டது. தினமும் போனில் மலையாளத்தில் முட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏழாவது வந்ததை என் வீட்டுக்காரர் சந்தையில் "ஜில்லாவில ஏழு" என்று சொல்லித் திரிகிறார். எத்தனை பேரில் என்று யாரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை.

மகள் இப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை இருப்பதால் நடையை நிறுத்தச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, கூட்டம்தான் கூடியிருக்கிறது. கீழ் வகுப்பிலிருந்து நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வருகிறாள். நான் ஸ்கூட்டரில் பிள்ளைகளின் ஐந்து பையும் ஐந்து குப்பித் தண்ணீரும் ஐந்து குடையும் மாட்டிக்கொண்டு பின்னால் போகிறேன். பத்துக் கால்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு அக்காவும் இன்னும் இரண்டு அம்மாக்களும் அதே ரோட்டில் அவரவர் வேகத்தில் நடக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஒரு டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினோம். கடைக்காரர் கேட்காமலே ஒன்பது டீ போட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, டீயைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆண்டி, மழையில நடந்தா நடுவருக்குக் காலு தெரியுமா" என்று கேட்டது.

மகள் முந்திக்கொண்டாள். "தெரியும். தண்ணி தெறிக்கிற சத்தத்தை வச்சே கண்டுபிடிப்பாவ. வா, காட்டித்தாறேன்." டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினாள். அந்தச் சின்னப் பிள்ளையும் இறங்கியது. மற்ற மூன்றும் என் முகத்தைப் பார்த்தன. போங்க என்று சொல்லிவிட்டு, நான் ஐந்து பைகளையும் நனையாமல் நகர்த்தி வைத்தேன்.